ஸ்கேட்போர்டு டிரக் புஷ்: தேர்வும் திருத்தமும்

ஸ்கேட்போர்டு எவ்வளவு எளிதாகத் திரும்பும், திரும்பியபின் எவ்வளவு நேராக மீளும் என்பதை முடிவு செய்பவை டிரக்குக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பாலியூரித்தேன் வளையங்கள். புஷ்ஷிங் என்பது முழுப்பெயர். ஸ்கூட்டரின் ஸ்விங் ஆர்மையும் காரின் சஸ்பென்ஷனையும் கழற்றிப் பழகிய மெக்கானிக் அதைப் புஷ் என்பார். அந்தப் பெயரே இங்கும் போதும். பலகை, சக்கரம், பேரிங் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பெட்டியோடு வந்த புஷ்ஷை அப்படியே விட்டுவைப்பவர்கள் ஏராளம். திரும்பாத பலகைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

டிரக்கின் அமைப்பு எளிது. பலகைக்கு அடியில் நான்கு போல்ட்டில் நிற்பது அடித்தட்டு. அதிலிருந்து சாய்வாக வெளியே நீளும் தடித்த போல்ட் கிங்பின். சக்கர அச்சைத் தாங்கும் முக்கோண வார்ப்பு ஹேங்கர். ஹேங்கரின் நடுவில் ஒரு வளையம் உண்டு. கிங்பின் அதற்குள் புகுந்து வெளியே வரும். அந்த வளையத்தின் இருபுறமும் ஒவ்வொரு புஷ் இருக்கும். பலகையை ஒட்டியிருப்பதைப் பலகைப்பக்கப் புஷ் என்றும் தரையைப் பார்த்திருப்பதைச் சாலைப்பக்கப் புஷ் என்றும் சொல்வது வழக்கம். இரண்டின் வெளிமுகத்திலும் வாஷர், கடைசியில் நட்டு. ஹேங்கரின் மூக்கு, அடித்தட்டில் உள்ள பிவட் கப் என்ற சிறு கிண்ணத்தில் பொருந்தி நிற்கும்.

ஓட்டுபவர் பலகையை ஒருபுறம் சாய்க்கும்போது ஹேங்கர் ஒரு சாய்ந்த அச்சில் சுழல்கிறது. பலகைப்பக்கப் புஷ் ஓர் ஓரத்தில் நசுங்க, சாலைப்பக்கப் புஷ் அதற்கு எதிர் ஓரத்தில் நசுங்குகிறது. இரண்டும் சேர்ந்து எதிர்த்துத் தள்ளுவதால்தான் கால் விட்டதும் பலகை நடுநிலைக்குத் திரும்புகிறது. ஒரே பொருள் இங்கே ஸ்பிரிங்காகவும் அதிர்வுத் தாங்கியாகவும் வேலை செய்கிறது. சாய்த்தால் திரும்பும் என்ற இந்தச் சூத்திரம் ஸ்கேட்போர்டைவிடப் பழையது. நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் காப்புரிமை பெற்ற நான்கு சக்கர ஸ்கேட்டில் ரப்பர் மெத்தையின் மேல் சாய்ந்து திரும்பும் ஏற்பாடு இருந்தது. 1960களின் ஸ்கேட்போர்டுகள் ரோலர் ஸ்கேட்டின் டிரக்கையும் அதன் ரப்பரையும் அப்படியே வாங்கிக்கொண்டன. 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரித்தேன் சக்கரத்தைக் கலிபோர்னியாவில் பரப்பினார். 1975இல் டிராக்கர், 1978இல் இன்டிபென்டன்ட் என்று ஸ்கேட்போர்டுக்கென்றே வார்த்த டிரக்குகள் வந்தன. ரப்பர் இருந்த இடத்தை யூரித்தேன் பிடித்துக்கொண்டது.

புஷ் என்ன செய்யும், என்ன செய்யாது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சாய்ந்தால் இவ்வளவு திரும்பும் என்ற விகிதம் டிரக்கின் வார்ப்பிலேயே இருக்கிறது. புஷ்ஷை மாற்றினால் அது மாறாது. ஹேங்கர் சுழலும் அச்சு தரையோடு எத்தனை டிகிரி கோணத்தில் இருக்கிறது என்பதே அந்த விகிதத்தைத் தீர்மானிக்கிறது. 45 டிகிரி டிரக்கில் பலகையை 10 டிகிரி சாய்த்தால் சக்கர அச்சும் ஏறக்குறைய 10 டிகிரி திரும்பும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 40 செ.மீ. இடைவெளி உள்ள தெருப்பலகை அப்போது 115 செ.மீ. ஆரமுள்ள வட்டம் போடும். இடைவெளி 70 செ.மீ. ஆன நீளப் பலகையில் அதே சாய்வுக்கு ஆரம் 2 மீட்டரைத் தொடும். அதே நீளப் பலகையில் 50 டிகிரி அடித்தட்டைப் போட்டால் 170 செ.மீ. அளவுக்குச் சுருங்கும், 43 டிகிரியைப் போட்டால் 216 செ.மீ. வரை விரியும். பாரிஸ் நிறுவனத்தின் 180 மி.மீ. டிரக்குக்கு இந்த இரண்டு கோணங்களிலும் அடித்தட்டு கிடைக்கிறது.

அந்த 10 டிகிரி சாய்வை எவ்வளவு அழுத்தத்தில் எட்ட முடிகிறது என்பதுதான் புஷ்ஷின் வேலை. எனவே தேர்வு ஓட்டுபவரின் எடையிலிருந்து தொடங்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் தன் பாரத்தைப் பலகையின் நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. நகர்த்தினால் ஏறக்குறைய 18 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசை உண்டாகிறது. 80 கிலோ உள்ளவர் அதே 3 செ.மீ. நகர்த்தினால் 24ஐ நெருங்கும். ஒரே புஷ், ஒரே இறுக்கம், ஒரே கால் அசைவு. ஆனால் கனமானவர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விசை கொடுத்துவிடுகிறார். நண்பரின் பலகை வெண்ணெய்போல் திரும்புகிறதே, அதே டிரக்கை வாங்கியும் இது ஏன் மரக்கட்டையாக நிற்கிறது என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. கடையில் டிரக்கோடு வரும் புஷ் பெரும்பாலும் 90ஏ அளவில் இருக்கும். சராசரி எடைக்குப் பொதுவாக வைத்த அளவு அது. மெலிந்த இளைஞருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது கல்.

90ஏ என்பது ஷோர் ஏ அளவுகோலில் கடினத்தின் எண். ஒரு சிறு ஊசியைக் குறிப்பிட்ட விசையில் பொருளின்மேல் அழுத்தி, அது எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்ப்பது முறை. ஊசி கொஞ்சமும் இறங்காவிட்டால் 100. ஸ்கேட் புஷ்கள் 78ஏ முதல் 100ஏ வரை கிடைக்கின்றன. எண்கள் அருகருகே தெரிந்தாலும் காலில் உணரும் வேறுபாடு பெரிது. 81ஏயிலிருந்து 91ஏக்குப் போவது வேறொரு பலகையில் ஏறியதைப் போல இருக்கும். தோராயமான தொடக்கமாக 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் 78ஏ முதல் 83ஏ வரையும், 50 முதல் 70 கிலோ வரை உள்ளவர்கள் 85ஏ முதல் 90ஏ வரையும், 70 கிலோவைத் தாண்டியவர்கள் 90ஏயிலிருந்து மேலேயும் பார்க்கலாம். நிதானமாக வளைந்து வளைந்து போக விரும்புபவர் இதிலிருந்து ஒரு படி இறங்கலாம்; மலைச்சரிவில் வேகமாக இறங்குபவர் ஒரு படி ஏற வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்குவது மட்டும் ஆகாது. ஒரு நிறுவனத்தின் சிவப்பு மென்மையாக இருக்கும், இன்னொன்றின் சிவப்பு கெட்டியாக இருக்கும். உறையில் அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எண் ஒன்றாக இருந்தும் இரண்டு புஷ்கள் வேறுவிதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் மீள்திறன். நசுக்கிவிட்டால் எவ்வளவு வேகமாக, எவ்வளவு முழுமையாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்பது அது. ஊசியின் எண் இதைச் சொல்லாது. இதைப் பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டு புஷ்களை முட்டி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஒன்றாகப் போட்டால் போதும். ஒன்று துள்ளி எழும். மற்றொன்று பொத்தென்று விழுந்து, இரண்டு முறை புரண்டு, அங்கேயே கிடக்கும். துள்ளுவது திருப்பத்திலிருந்து பலகையைத் துடிப்பாக வெளியே தள்ளும். கால்களால் உந்தி உந்தி வளைந்து போகிறவர்களுக்கு அதுதான் சுவை. பொத்தென்று விழுவது அதிர்வை விழுங்கும். வேகத்தில் பலகை படபடக்காமல் இருக்க அது உதவும். விலை மலிந்த பலகைகளோடு வரும் புஷ் பலவும் துள்ளவும் துள்ளாது, அதிர்வையும் விழுங்காது. அவற்றைத் திருத்த முயல்வது வீண். கழற்றி வீசிவிட்டு நல்ல யூரித்தேன் போட்டால் அந்தப் பலகையே புதிதாகிவிடும்.

கடினத்துக்கு அடுத்தது வடிவம். நேர் உருளையாக இருப்பது பீப்பாய் வடிவம், ஒருபுறம் குறுகுவது கூம்பு. அதிகம் காணப்படுவன இந்த இரண்டுதான். கூம்பில் ஓரத்துச் சதை குறைவு. ஹேங்கர் சாயும்போது தடுக்க ஆள் இல்லை, நடுவில் மட்டும் பிடிப்பு இருக்கும். பீப்பாய் தொடக்கம் முதல் முடிவு வரை சீராக எதிர்க்கும். படிவைத்த பீப்பாயும் இரட்டைப் பக்கமும் அகன்று நிற்கும் கனத்த வகைகளும் ஹேங்கரின் குழியை நிறைத்து இன்னும் எதிர்ப்பைக் கூட்டுபவை. மலைச்சரிவு வேகக்காரர்களின் பொருள் அவை. தெருவில் ஓட்டுபவருக்குப் பலகைப்பக்கம் பீப்பாய், சாலைப்பக்கம் கூம்பு என்பதே சிறந்த கூட்டு. பலகைப்பக்கப் புஷ் உடல் பாரத்தைத் தாங்குகிறது, அதில் சதை வேண்டும். சாலைப்பக்கத்தைக் கூம்பாக்கினால் பாரத்தாங்கல் குறையாமல் திருப்பம் மட்டும் இளகும். இரண்டு பக்கமும் கூம்பு போடுவது ஆழமான திருப்பம் தரும். நேராகப் போகும்போது நடுநிலை எங்கே இருக்கிறது என்று கால் தேடிக்கொண்டே இருக்கும்.

சந்தையில் கிடைப்பவற்றுள் போன்ஸ் நிறுவனத்தின் ஹார்ட்கோர் புஷ் தெருப்பலகைக்காரர்களிடம் நன்கு அறிமுகமானது. 81ஏ, 91ஏ, 96ஏ என்று மூன்று கடினங்களில் வருகிறது. மென்மையான யூரித்தேனுக்குள் கெட்டியான ஒரு மையத்தை வார்த்திருப்பது அதன் சிறப்பு. மற்ற புஷ்களைப் போட்டதும் முதல் சில நாள் விறைப்பாக இருந்து பிறகுதான் படியும். இது போட்ட அன்றே படிந்துவிடுகிறது, நடுநிலைக்கும் திட்டமாக மீள்கிறது. ஆனால் கெட்டி மையம் உள்ளே இருப்பதால் இதைச் சீவித் திருத்த வழியில்லை. 81ஏக்கும் 91ஏக்கும் இடையே படி இல்லாததும் குறைதான். நீளப் பலகைக்காரர்கள் ரிப்டைட், வெனம் என்ற இரண்டு பெயர்களையே அதிகம் சொல்கிறார்கள். இரண்டும் நெருக்கமான கடினப் படிகளிலும் வெவ்வேறு மீள்திறன் கலவைகளிலும் பல வடிவங்களிலும் கிடைக்கின்றன. எடைக்கு ஏற்றதைத் துல்லியமாகப் பொறுக்கிக்கொள்ள விரும்புபவருக்கு இவையே ஏற்றவை. உயரத்தை மட்டும் கவனிக்க வேண்டும். நீளப் பலகைப் பீப்பாயின் வழக்கமான உயரம் 0.6 அங்குலம், அதாவது 15 மி.மீ. சற்று மேலே. தெருப்பலகை டிரக்கின் சாலைப்பக்கத்தில் அவ்வளவு இடம் கிடையாது. உயரமான புஷ்ஷைத் திணித்தால் நட்டுக்குப் பிடிக்க மரை மிஞ்சாது.

இருசக்கர வண்டியின் ஷாக் அப்சார்பர் ரப்பர் புஷ்ஷை வெட்டிப் பொருத்தும் யோசனை பட்டறைப் பக்கம் அடிக்கடி எழும். துளையும் அமரும் குழியும் பொருந்தா. பொருந்தும்படி வெட்டினாலும், நாள்முழுதும் அழுத்தத்தில் இருக்கும் அந்த ரப்பர் சப்பையாகி அப்படியே நின்றுவிடும். விட்டுவிடுவது நல்லது.

புஷ்ஷுக்கு அடுத்து வாஷரின் முறை. செலவே இல்லாமல் பலகையை மாற்றிப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. பொதுவாக வருவது கிண்ண வாஷர். அதன் விளிம்பு புஷ்ஷின் ஓரத்தைக் கவ்விப் பிடித்து, சதை வெளியே பிதுங்காமல் தடுக்கும். அதை எடுத்துவிட்டுத் தட்டை வாஷர் போட்டால் சதைக்கு விரிய இடம் கிடைக்கிறது, சாய்வு ஆழமாகிறது. கிண்ண வாஷரைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகு புஷ்ஷைத் தொடும்படி வைப்பது இன்னொரு வழி. திருப்பம் கூடும். ஆனால் அழுத்தம் முழுவதும் நடுவட்டத்தில் குவிவதால் அங்கே யூரித்தேன் சீக்கிரம் கிழியும். தட்டை வாஷரே நீடிக்கும் தீர்வு. பலகைப்பக்க வாஷரை எடுத்தே விடுகிறவர்களும் உண்டு. அப்போது ஹேங்கர் ஒன்றரை, இரண்டு மி.மீ. அடித்தட்டை நோக்கி இறங்கி, மூக்கு பிவட் கப்பில் கோணலாக உட்கார்கிறது. சில வாரங்களில் கப் ஒருபுறமாகத் தேய்ந்து ஆட்டம் வந்துவிடும். இந்த வழியைப் பரிந்துரைக்க முடியாது.

நட்டை இறுக்குவதும் தளர்த்துவதும் எல்லோரும் முதலில் செய்வது. உண்மையில் அது கடைசியில் வர வேண்டியது. நட்டு வாஷரைத் தொட்டபின் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை இறுக்குவதே நல்ல எல்லை. அதற்கு மேல் இறுக்கினால்தான் நிலையாக நிற்கிறது என்றால் புஷ் மென்மையாக இருக்கிறது. நட்டு ஆடும் அளவுக்குத் தளர்த்தினால்தான் திரும்புகிறது என்றால் புஷ் கெட்டியாக இருக்கிறது. வாஷரைச் சுற்றி யூரித்தேன் காளான்போல் பிதுங்கி நிற்கும் பலகைகளைப் பார்த்தாலே தெரியும், மென்மையான புஷ்ஷை நசுக்கிக் கெட்டியாக்கப் பார்த்திருக்கிறார்கள். அது அந்த நிலையில் ஸ்பிரிங்காக வேலை செய்யாது. தொடக்கத்தில் விறைத்து, பிறகு சட்டென்று சரியும்.

கழற்றுவதற்கு 9/16 அங்குல ஸ்பேனர் வேண்டும், பட்டறை மொழியில் நாலரை நூல். மி.மீ. கணக்கில் அது 14.3. வீட்டில் இருக்கும் 14 ஸ்பேனர் நுழையாது. 15 நுழைந்தாலும் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஸ்கேட் டூல் என்று விற்கும் டி வடிவக் கருவியில் இந்த அளவோடு, சக்கர நட்டுக்கான 1/2 அங்குலமும் பலகை போல்ட்டுக்கான 3/8 அங்குலமும் இருக்கும். கிங்பின் நட்டின் உட்புறம் நைலான் வளையம் பதித்தது. பலமுறை கழற்றி மாட்டினால் அந்த நைலான் தேய்ந்து நட்டு தானாக இளகும். கையால் முழுதும் சுழற்ற முடிகிற நட்டை மாற்றிவிட வேண்டும்.

எந்த மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது நல்லது, கால் சொல்வது மட்டும் போதாது. சமதளமான முற்றத்திலோ வாகன நிறுத்தத்திலோ பலகையைத் தள்ளி ஏறி, மெதுவான வேகத்தில் முடிந்தவரை சிறிய வட்டம் போட்டு, சக்கரம் போன வழியைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம். இடப்பக்க வட்டமும் வலப்பக்க வட்டமும் தனித்தனியே வேண்டும். பலகைமேல் குறுக்காகக் கைப்பேசியை வைத்து, சாய்வளக்கும் செயலியைத் திறந்து, ஒருவர் கால் விரல் பக்கமும் குதிகால் பக்கமும் அழுத்த இன்னொருவர் டிகிரியைக் குறிப்பது இன்னும் தெளிவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு வராவிட்டால் புஷ் ஒருபுறம் அமுங்கியிருக்கிறது அல்லது பிவட் கப் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வேறெதையும் மாற்றுவதில் பயனில்லை.

இனி வெட்டித் திருத்துவது. கையில் இருக்கும் சாலைப்பக்கப் பீப்பாயைக் கூம்பாக்குவதே இதில் உருப்படியான வேலை. வீட்டு டிரில் மெஷின் போதும். கிங்பின்னின் தடிமன் 3/8 அங்குலம், அதாவது மூன்று நூல். ஹார்டுவேர் கடையில் நீளமான மூன்று நூல் போல்ட் ஒன்று, இரண்டு நட்டு, இரண்டு தட்டை வாஷர் வாங்கிக்கொள்ள வேண்டும். போல்ட்டில் புஷ்ஷைக் கோத்து, இரு பக்கமும் வாஷர் வைத்து, நட்டை இறுக்க வேண்டும். புஷ் சுழலாமல் நின்றால் போதும், பிதுங்கக் கூடாது. போல்ட்டின் முனையை டிரில்லின் வாயில் மாட்டி, மெதுவான வேகத்தில் சுழலவிட்டு, 80 எண் உப்புத்தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றிச் சாய்வாகத் தொட வேண்டும்.

முதல் சில நொடி வெண்மையான பொடி உதிரும். அது நல்ல அறிகுறி. அழுத்தம் கூடினாலோ வேகம் கூடினாலோ பொடி நின்றுபோய், யூரித்தேன் சூடேறி, உப்புத்தாளில் பசைபோல் அப்பிக்கொள்ளும். புஷ்ஷின் மேற்பரப்பு பளபளவென்று வழுக்கும். அப்போது நிறுத்த வேண்டும். புஷ்ஷை விரலால் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புத் தெரியும். ஒரு கிண்ணம் தண்ணீரில் நனைத்து ஆறவைத்து மீண்டும் தொடங்கலாம். ஒரு மணிநேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் சற்று விறைத்து, சீவல் சுத்தமாக வரும். பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது. மூக்கை மூடிக்கொண்டு, முடிந்தால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். கத்தியால் செதுக்குவது ஆகவே ஆகாது. ஓரம் மேடும் பள்ளமுமாக வந்து, ஒரு பள்ளத்தில் விரிசல் தொடங்கும்.

எந்த முனையைச் சீவுவது என்பதில் தவறு நேர்வது சகஜம். ஹேங்கரின் குழியில் உட்காரும் முனை முழு விட்டத்தோடு இருக்க வேண்டும். அங்கே சதை குறைந்தால் ஹேங்கர் கிங்பின்னைச் சுற்றி ஆடும், பலகை தானாக அலையும். நட்டை நோக்கிய முனையைத்தான் குறுக்க வேண்டும். விட்டத்தில் ஒரு மி.மீ. எடுத்ததும் நிறுத்தி, மாட்டி, ஒரு மாலை ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த மி.மீ. எடுப்பது முறை. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. முன் டிரக்குக்கும் பின் டிரக்குக்கும் சீவும்போது வெர்னியரால் அளந்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குறுகிய முனையில் எஞ்சும் விட்டம் வாஷரின் விட்டத்தைவிடக் குறையக் கூடாது. பலகைப்பக்கப் புஷ்ஷில் கை வைக்காமலிருப்பதே அறிவு.

வெந்நீரில் போட்டு வேகவைத்தால் புஷ் இளகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சூட்டில் எந்த யூரித்தேனும் இளகும், ஆறியதும் திரும்பிவிடும். திரும்பாமல் நின்றால் பொருள் கெட்டுப்போகிறது என்றே பொருள். எஸ்டர் வகைப் பாலியூரித்தேனை நீரும் வெப்பமும் சேர்ந்து மூலக்கூறு மட்டத்தில் அறுத்துவிடும். மென்மையான புஷ் ஒரு ஜோடி வாங்குவதற்கும் நல்ல புஷ் ஒரு ஜோடியைக் கெடுப்பதற்கும் ஆகும் செலவு ஒன்றுதான். உள்துளையை டிரில் பிட்டால் அகட்டுவதும் இப்படிப்பட்டதே. துளை கிங்பின்னை ஒட்டி இருந்தால்தான் நடுநிலை திட்டமாக இருக்கும். உண்மையில் பயன் தரும் சிறு வேலை வேறொன்று உண்டு: பிவட் கப்பில் சிட்டிகை கிரீஸ், புஷ்ஷின் தொடுமுகங்களில் உலர்ந்த சோப்புத் துருவல் அல்லது மெழுகு. கீச் சத்தம் அடங்கும், சாய்வு வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ் வழிந்தால் தூசியை இழுத்து அரைக்கும் பசையாகிவிடும் என்பதால் சிட்டிகைதான் அளவு.

முன்னும் பின்னும் ஒரே புஷ் இருக்க வேண்டும் என்று விதி ஏதுமில்லை. நீளப் பலகையில் முன் டிரக்கை ஒரு படி மென்மையாகவும் பின் டிரக்கை ஒரு படி கெட்டியாகவும் வைத்தால், முன்பக்கம் வழிகாட்டப் பின்பக்கம் தொடர்ந்து வரும். ஒரே டிரக்கிலும் பலகைப்பக்கம் கெட்டி, சாலைப்பக்கம் மென்மை என்று கலக்கலாம்; உதாரணமாக 65 கிலோ உள்ளவருக்குப் பலகைப்பக்கம் 90ஏ பீப்பாயும் சாலைப்பக்கம் 85ஏ கூம்பும் நல்ல தொடக்கம். தெருப்பலகையில் முன்னும் பின்னும் மாறி மாறி ஓட்ட வேண்டியிருப்பதால் இரண்டு டிரக்கும் ஒன்றாக இருப்பதே வசதி.

திருப்பம் கூடும்போது இரண்டு ஆபத்துகள் கூடவே வருகின்றன. முதலாவது சக்கரம் பலகையைக் கடிப்பது. ஆழமாகச் சாய்ந்ததும் சக்கரம் பலகையின் அடியில் உரசி அப்படியே நின்றுவிடும். ஓட்டுபவர் நிற்க மாட்டார், முன்னால் பறப்பார். புதிய புஷ் போட்டதும் பலகையைக் கையால் முழு எடை கொடுத்துச் சாய்த்து, சக்கரத்துக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். தெரியாவிட்டால் பலகைக்கும் அடித்தட்டுக்கும் இடையே 1/8 அங்குல ரைசர் வைக்க வேண்டும், அல்லது சிறிய சக்கரம் போட வேண்டும். இரண்டாவது வேகத்தில் வரும் படபடப்பு. ஆய்வாளர் மோன்ட் ஹப்பர்ட் 1979இலேயே ஸ்கேட்போர்டின் பக்கவாட்டு இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி, சாய்வுக்கு எதிரான விறைப்பும் வேகமும் நிலைத்தன்மையை எப்படித் தீர்மானிக்கின்றன என்று காட்டினார். புடாபெஸ்ட், பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஓட்டுபவரின் உடல் சாய்வை உணர்ந்து எதிர்வினை செய்ய எடுக்கும் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தது. புஷ்ஷோடு ஓட்டுபவரின் கால்களும் அந்த இயந்திரத்தில் ஓர் உறுப்பு. மென்மையான புஷ்ஷோடு சரிவில் இறங்குவது தேர்ந்த கால்களுக்கே உரியது. பழகுபவர் மென்மையை வேகம் குறைந்த சமதளத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பமும் புஷ்ஷை மாற்றும். கடின எண்கள் அறை வெப்பத்தில், 23 டிகிரி செல்சியஸ் அளவில் எடுக்கப்படுபவை. சித்திரை வெயிலில் சென்னைத் தார்ச்சாலையில் இரண்டு மணிநேரம் ஓட்டிய புஷ், காலையில் மாட்டியதைவிட மென்மையாக நடந்துகொள்ளும். மார்கழி விடியலில் கொடைக்கானலில் அதே புஷ் விறைக்கும். வெயிலூரில் ஓட்டுபவர் இரண்டு எண்ணுக்கு நடுவே தயங்கினால் கெட்டியானதை எடுக்கலாம். கடலோரத்தில் கவனிக்க வேண்டியது வேறு: உப்புக்காற்று யூரித்தேனுக்கு அதிகம் தீங்கு செய்யாது, வாஷரையும் கிங்பின்னையும்தான் துரு பிடிக்க வைக்கும். துருவின் சொரசொரப்பு புஷ்ஷின் முகத்தை உப்புத்தாள்போல் அரைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, துணியால் துடைத்து, கிங்பின்னில் எண்ணெய் பூசிய விரலை ஒருமுறை ஓட்டினால் போதும்.

கழற்றிய அந்தக் கையோடு புஷ்ஷையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். வாஷர் அழுத்திய வட்டத் தடத்தில் முடிபோன்ற கோடு தெரிந்தால் விரிசல் தொடங்கிவிட்டது. விரலால் புஷ்ஷை வளைத்தால் கோடு வாய் திறக்கும். உயரம் ஒருபுறம் குறைந்து சாய்ந்து நிற்பதும் ஆயுள் முடிந்ததன் அடையாளமே. ஒன்று போனால் அந்த டிரக்கின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் ஒரே விறைப்பில் இருப்பதில்லை. புதியதை மாட்டிய முதல் சில நாள் பலகை சற்று முரண்டு பிடிக்கும். அதைக் கண்டு நட்டைத் தளர்த்திவிடாமல், நாலைந்து மாலைகள் ஓட்டிப் படியவிட்ட பிறகே கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுதி இறுக்கத்தை வைக்க வேண்டும்.